மனேஜரின் உள்ளங்கை

எங்கள் வீட்டு மேசையில் இருந்த பலகாரம் எதையும் அவர் கேட்டு எடுத்ததில்லை. வலது உள்ளங்கையில் வைப்பார். இரண்டு தரம் மெல்லத் துள்ளவிடுவார். கண்ணை அரைவாசி மூடுவார். பிறகு சொல்வார்:

"நாப்பது கிராம். நாலரையால பெருக்கு. நூற்றியெண்பது கலோரி."

சொல்லி முடிக்கும்போது அது அவர் வாய்க்குள் போயிருக்கும். எடை பார்க்க எடுத்த சாமான் தட்டுக்குத் திரும்பி வந்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை.

ஒருமுறை துணிந்து கேட்டேன். "மாமா, உங்களுக்குச் சீனி வருத்தம் எல்லே?"

"உது சாப்பாடில்லைப் பிள்ளை. உது சாம்பிள்."

அவர் எங்களுக்கு மாமா முறையும் இல்லை, வேறு எந்த முறையும் இல்லை. மடத்துவெளியில் எங்கள் வீட்டுக்கு மூன்று வளவு தள்ளி இருந்தார். முப்பத்திரண்டு வருடம் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாரும் மனேஜர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் பின்னேரம் நான்கு மணிக்கு, கடை திறக்கப் போகிறவர் மாதிரி, வெள்ளைச் சேட்டுப் போட்டுச் சைக்கிளில் புறப்படுவார். எந்த வீட்டில் தேநீர் ஊற்றுகிறார்களோ அந்த வீட்டுப் படலை அவருக்குத் தானாகத் தெரியும்.

அவருக்குச் சீனி வருத்தம் வந்தபோது நோர்வேயில் இருந்த மகன் ஒரு தாள் அனுப்பியிருந்தான். நூறு கிராம் சாப்பாட்டில் எவ்வளவு கலோரி என்று அதில் நிரையாக இருந்தது. அவர் அந்தத் தாளுக்குக் கண்ணாடித்தாள் ஒட்டுவித்துச் சேட்டுப் பையில் வைத்திருந்தார். நிரைகள் அத்தனையிலும் அவர் மனதில் நின்றது ஒன்றே ஒன்று. எங்கோ ஒரு எண்ணெய்ப் பலகாரத்துக்கு நானூற்றைம்பது என்று போட்டிருந்தார்கள். அதோடு உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அவர் நாலரையால் பெருக்கத் தொடங்கினார். வடை, மோதகம், கேக், விசுக்கோத்து, எல்லாம் நாலரை. கோயிலில் கிடைத்த வாழைப்பழத்தைக்கூட நாலரையால் பெருக்கினார்.

"மிச்சமெல்லாம் நிறுவைதான்," என்பார். "நிறுவை தெரிஞ்சவனுக்குக் கலோரி தெரியும்."

நிறுவை தனக்குத் தெரிந்த அளவு தராசுக்கே தெரியாது என்பது அவர் எண்ணம். சங்கக்கடையில் சீனி மூட்டை வந்தால், சனம் வரிசையில் நிற்க முதலே கையால் அள்ளிப் பையில் போட்டுத் துள்ளவிட்டுக் கட்டி அடுக்கிவிடுவாராம். "தராசு சும்மா சனத்துக்குக் காட்ட வச்சிருந்தது, பிள்ளை. முள்ளு நிற்கிறதுக்கிடையில நான் அடுத்த ஆளுக்குக் கட்டிப்போடுவன்." இதைப் பெருமையாகச் சொல்வார். நானும் பெருமைப்படவேண்டிய விடயம் போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படித்துச் சித்தியடைந்தவள் நான். அந்த மனிதரின் கையை நம்பினேன்.

நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. காரணம் என்று சொல்லலாமோ, பயம் என்று சொல்லவேண்டுமோ தெரியவில்லை. என் கணவரின் தகப்பன் சீனி வருத்தத்தில் முதலில் ஒரு விரலையும் பிறகு பாதத்தையும் இழந்தவர். மகள் வயிற்றில் இருந்தபோது எனக்கும் சீனி கூடியது. பிறந்த பிறகு குறைந்துவிட்டது. ஆனால் இனிக் கவனம், பிள்ளைக்கும் இனிப்பை அளவாகக் குடுங்கோ என்று சொல்லிவிட்டார்கள். அளவு என்றால் எவ்வளவு என்று ஒருவரும் சொல்லவில்லை. மகள் நான்கு வயதில் கன்னம் வைத்துக் கொழுகொழுவென்று இருந்தாள். பார்க்கிறவர்கள் கிள்ளிவிட்டுப் போனார்கள். எனக்கு அந்தக் கன்னத்தைப் பார்க்கும்போதெல்லாம் மாமனாரின் கால் ஞாபகம் வந்தது.

கைத்தொலைபேசியில் தேடினேன். லட்டு ஒன்றுக்கு இவ்வளவு, கேக் ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று வந்தது. எந்த லட்டு? எவ்வளவு பெரிய துண்டு? எங்கள் வீட்டில் பலகாரம் சுடுவது மச்சாள், என் கணவரின் மூத்த அக்கா. கலியாணம் கட்டாமல் எங்களோடு இருக்கிறார். பனங்களியையும் மாவையும் சீனியையும் குழைத்து, விரல் நுனியால் கிள்ளிக் கிள்ளி எண்ணெயில் போடுவார். ஒன்று புளியங்கொட்டை அளவில் விழும், அடுத்தது தேசிக்காய் அளவில் விழும். "மச்சாள், எல்லாத்தையும் ஒரே அளவாப் போடேலாதோ?" என்று கேட்டால், "ஏன், எண்ணெய்ச் சட்டிக்குள்ள அணிவகுப்போ நடக்குது?" என்பார்.

இப்படி ஒன்றும் பிடிபடாமல் இருந்த நேரத்தில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு "ஐம்பது கிராம்" என்று சொன்னால், அது எவ்வளவு ஆறுதல் என்பது என்னைப்போல் பயந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் அவர் மகளையும் தூக்கினார். இரண்டு கைகளாலும் கக்கத்தில் பிடித்து, இரண்டு தரம் துள்ளவிட்டார். அவள் கெக்கட்டம் விட்டுச் சிரித்தாள்.

"இருபது கிலோ," என்றார். "நாலு வயசுக்கு உது கூடப் பிள்ளை. இப்பவே பிடிச்சுக் கட்டாட்டிப் பிறகு ஏலாது. தாத்தன்ர கால் தெரியும்தானே?"

கிளினிக் அட்டையில் அதற்கு மூன்று மாதம் முன்பு பதினேழு கிலோ என்று எழுதியிருந்தது. மகள் மூன்று மாதத்தில் மூன்று கிலோ கூடிவிட்டாள் என்றுதான் நான் நினைத்தேன். அந்தக் கை பிழைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்று தொடங்கினேன். ஒரு கொப்பியில் எழுதினேன். பின்னேரம் மகள் இரண்டு பனங்காய்ப் பணியாரம் தின்றால், மனேஜரின் கையில் அது நூறு கிராம். நானூற்றைம்பது. அதற்கு ஈடாக இரவுப் புட்டில் பாதியைக் குறைப்பேன். முறுக்குத் தின்றால் காலை இடியப்பத்தில் ஒன்றைக் குறைப்பேன். "அம்மா, பசிக்குது" என்று கேட்டால் தண்ணீர் கொடுத்தேன். நல்ல தாய் இப்படித்தான் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு கொடுத்தேன்.

அவருக்கு இடம், வேளை ஒன்றும் கிடையாது. பக்கத்துத் தெருவில் ஒரு செத்தவீட்டின் எட்டாம் நாள். செத்தவருக்குப் பிடித்த பலகாரமெல்லாம் படைத்துவிட்டு வந்தவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அவரின் மனிசி ஒரு மூலையில் சுவரில் சாய்ந்து இருந்தார். இவர் உளுந்து வடையைத் துள்ளவிட்டு, "அறுபது. இருநூற்றியெழுபது," என்று பந்தலுக்கே கேட்கச் சொன்னார். "மனுசன் உதைத் திண்டுதான் போனவர்." அந்த மனிசி தலையைத் திருப்பிக்கொண்டார். இவர் இன்னும் மூன்று வடை நிறுத்தார். நான் அன்றாவது எழுந்து ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். நான் மனதுக்குள் இருநூற்றியெழுபதைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு நாள் நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போவதற்காகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்கு நின்றோம். மகள் கச்சான் கடலை கேட்டாள். கச்சான்காரி கடதாசிச் சுருளில் போட்டுக் கொடுத்தாள். எங்கிருந்து வந்தாரோ, மனேஜர் வந்து அதைப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கித் துள்ளவிட்டார்.

"நூறு கிராம். நானூற்றைம்பது கலோரி. உது ஒரு நேரச் சாப்பாடு, பிள்ளை."

கச்சான்காரி இடுப்பில் கை வைத்தாள். "ஐயா, நான் எழுபது கிராம்தான் நிறுத்துப் போட்டனான். என்ர கச்சான் உங்கட கையில ஏறினவுடன குட்டி போட்டிட்டுதோ?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மனேஜர் சிரிக்கவில்லை. "யாவாரியின்ர கதையைக் கேட்காதையும்," என்று என்னிடம் சொன்னார். "முப்பத்திரண்டு வருசம் நிறுத்த கை இது. கை பொய் சொல்லாது."

நான் அவரைத்தான் கேட்டேன். விற்கிறவள் தன் சாமானின் எடையைக் குறைத்துச் சொல்வதில் அவளுக்கு என்ன லாபம் என்று யோசிக்க எனக்கு மூளை வேலை செய்யவில்லை. மகளுக்குப் பத்துக் கச்சான் எண்ணிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கைப்பைக்குள் வைத்தேன். மகள் அந்தப் பத்தையும் ஒவ்வொன்றாகத் தோல் உரித்து, படகு நயினாதீவில் அணையும்வரை வைத்துத் தின்றாள். மனேஜர் நிறுக்கும்போது கையோடு அள்ளிய ஒரு பிடியைப் படகில் ஏற முதலே முடித்திருந்தார்.

அதற்கு அடுத்த கிழமை வாசிகசாலையில் கிளினிக் நடந்தது. பிள்ளைகளை நிறுக்கிற மிஸ், எங்கள் பகுதிக் குடும்பநல மாது, மகளைத் தராசில் ஏற்றினார். இறக்கி மறுபடி ஏற்றினார். பதினைந்தரை. அட்டையில் இவ்வளவு நாளும் மேல் நோக்கி வந்த கோடு கீழே வளைந்தது.

"என்ன இது? காய்ச்சல் ஏதும் வந்ததே?"

"இல்லை மிஸ்."

"சாப்பிடுறாளில்லையோ?"

"சாப்பிடுறாள் மிஸ். நான் கணக்காத்தான் குடுக்கிறன்."

"ஆற்ற கணக்கு?"

சொன்னேன். கொப்பியையும் காட்டினேன். எவ்வளவு ஒழுங்காக எழுதியிருக்கிறேன் என்று பாராட்டுவார் என்றுகூட நினைத்திருப்பேன் போலிருக்கிறது. மிஸ் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுப் பேனையைக் கீழே வைத்தார்.

"நீர் படிச்ச பிள்ளை எல்லே?" என்று மட்டும் கேட்டார்.

பிறகு மேசையில் இருந்த விசுக்கோத்துப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மகளிடம் நீட்டினார். மகள் வாங்கினாள். வாயில் வைக்கவில்லை. வலது உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் துள்ளவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

மிஸ்ஸும் என்னைப் பார்த்தார். பின்னால் குழந்தைகளோடு நின்ற தாய்மாரில் யாரோ சிரித்தார்கள். பிள்ளை பகிடி விடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

"தின்னம்மா," என்றேன். திரும்பவும் சொன்னேன். அவள் பாதியைக் கடித்தாள். மிச்சப் பாதியை என்னிடம் தந்தாள்.

"பசிக்குச் சாப்பிட விடும்," என்றார் மிஸ். "அடுத்த மாதம் கொண்டுவந்து காட்டும். அந்தக் கொப்பியைக் கொண்டுவரத் தேவையில்லை."

கணவர் அடுத்த நாளே யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன மின்தராசு வாங்கி வந்தார். பின்னேரம் நான்கு மணிக்கு அதை மேசையில் வைத்து, பக்கத்தில் பணியாரத் தட்டையும் வைத்தேன். மனேஜர் வந்தார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். தராசைப் பார்த்தார். கை வழக்கம்போலத் தட்டுக்குப் போனது.

"ஐம்பது கிராம். இருநூற்றியிருபத்தைஞ்சு."

"வாயில வையாதேங்கோ மாமா. இதில வையுங்கோ."

வைத்தார். முப்பத்தைந்து என்று காட்டியது.

"உது பிழை," என்றார். "மெசின்."

இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். நாற்பது என்றார். இருபத்தெட்டு. மூன்றாவதையும் கொடுத்தேன். அதுவும் அப்படித்தான். நான் குசினிக்குள் போய், அதற்கென்றே நிறுத்துக் கட்டி வைத்திருந்த சீனிப் பையைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தேன். தராசில் சரியாக முந்நூற்றைம்பது கிராம் காட்டிய பை.

அவர் முகம் மாறியது. சீனி என்றவுடன் அவருக்குத் தன் கடைக்குத் திரும்பிப் போனதுபோல் இருந்திருக்கவேண்டும். இரண்டு தரம் துள்ளவிட்டார். கண்ணை மூடினார்.

"அரைக்கிலோ," என்றார். "ஒரு கிராம் கூடாது, ஒரு கிராம் குறையாது."

குசினி வாசலில் மச்சாள் நின்றார். கையில் எண்ணெய்க் கரண்டி. அவர் சிரிப்பார், ஏதாவது நக்கலடிப்பார் என்று எதிர்பார்த்தேன். மச்சாள் மெதுவாகத்தான் பேசினார்.

"மனேஜர், சின்னனில உங்கட கடைக்குச் சீனி வாங்க நான்தான் வாறனான். வீட்டை கொண்டுபோக, அம்மா தூக்கிப் பாத்திட்டு அடிப்பா. வழியில திண்டிட்டாய் எண்டு. நான் ஒரு மணி வாயில வைக்கேல்லை. எத்தினை தரம் சத்தியம் பண்ணினனான் தெரியுமே? கடைசியில எனக்கே சந்தேகம், நான்தான் திண்டிட்டனோ எண்டு."

மனேஜர் பையை மேசையில் வைத்தார்.

"அந்தக் காலத்தில தராசு வேற," என்றார்.

"தராசிலயோ நிறுத்தனீங்கள்?"

அவர் எழும்பினார். போகும்போது தட்டிலிருந்து இரண்டு பணியாரம் எடுத்துக்கொண்டு போனார். அந்த இரண்டையும் துள்ளவிடவில்லை.

அவர் தெரிந்து திருடினாரா, குறைத்து நிறுத்து நிறுத்துக் கைக்கு அதுவே அரைக்கிலோ ஆகிவிட்டதா என்று நான் நெடுநாள் யோசித்தேன். இரக்கப்படவும் முயன்றேன். என்னை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். முடியவில்லை. அன்று கண்ணை மூடிச் சொன்னபோது அவர் பொய் சொல்லவில்லை. மனமார நம்பித்தான் சொன்னார். எனக்கு அவர்மேல் அருவருப்பு வந்தது அதனால்தான். முப்பத்திரண்டு வருடம் ஊரின் சீனியைக் குறைத்த கை, ஓய்வு பெற்ற பிறகு என் பிள்ளையின் புட்டையும் குறைத்தது. அந்தக் கைக்கு அது தெரியவும் இல்லை. குறைத்துக் கொடுத்தவள் நான். எனக்கு என்ன பெயர் என்று யோசிக்காமல் விட்டுவிடுகிறேன்.

அவர் வெட்கப்பட்டு வராமல் இருந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அடுத்த கிழமை நான்கு மணிக்குப் படலையில் சைக்கிள் மணி அடித்தது. "தேத்தண்ணி முடிஞ்சுது மாமா," என்றேன். என் வாழ்க்கையில் ஒரு பெரியவரைப் படலையில் வைத்துத் திருப்பி அனுப்பியது அன்றுதான். அவர் அடுத்த வளவுக்குப் போனார். அங்கே "அறுபது கிராம்" என்று சொல்வது எங்கள் வேலிக்கு மேலால் கேட்டது.

மகளின் கோடு நான்கு மாதத்தில் மேலே ஏறிவிட்டது. கொப்பியை அடுப்பில் போட்டேன். மின்தராசை அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். ஆனால் அந்தத் துள்ளல் மகளின் கையை விட்டுப் போகவில்லை. பிறந்தநாள் கேக், கோயில் மோதகம், பள்ளிக்கூடத்தில் யாராவது கொடுக்கிற ரொபி, எது கிடைத்தாலும் இரண்டு தரம் துள்ளும். பிறகு ஒரு கணம் நிற்பாள். அநேகமாகத் தின்றுவிடுவாள். சில நாட்களில் தட்டில் திருப்பி வைத்துவிடுவாள். ஏன் வைத்தாய் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் இன்னும் பிழையாகிவிடுமோ என்று பயம். கேட்காமல் விடுவதும் பிழையோ என்று அதற்கும் பயம்.

இப்போது அவளுக்கு ஒன்பது வயது. போன மாதம் மனேஜர் செத்துப்போனார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நான் போகவில்லை. காய்ச்சல் என்று சொன்னேன். மச்சாள் போனார். "என்னை அடி வாங்க வச்ச மனுசன். நான் போகாட்டி ஆர் போறது?" என்று சொல்லிவிட்டுப் போனார். பின்னேரம் பலகாரப் பையோடு திரும்பி வந்தார். வடை, முறுக்கு, பயத்தம் உருண்டை. நோர்வே மகன் வந்து நின்று செய்வித்தவையாம்.

"பையைத் தூக்கிப் பாரும் பிள்ளை," என்றார் மச்சாள். "மகன் தாராளம். தேப்பன்ர கை இல்லை."

எனக்கு அதில் ஒன்றையும் தொட மனமில்லை. மகள் வந்து பயத்தம் உருண்டை ஒன்றை எடுத்தாள். பெரிய உருண்டை. உள்ளங்கையில் வைத்தாள். ஒன்று. இரண்டு. நின்றாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா, உங்களுக்குப் பாதி வேணுமே?"

"ஓம், தா."

உடைத்தாள். ஒரு பாதியை வலது கையிலும் மற்றதை இடது கையிலும் வைத்து, இரண்டையும் துள்ளவிட்டாள். கண்ணை அரைவாசி மூடினாள். அதே மாதிரி.

"இரண்டும் சமன்," என்று சொல்லி எனக்கு ஒன்றைத் தந்தாள்.

என் கைக்கு வந்தது மூன்றிலொரு பங்குகூட இருக்காது. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன். மற்றதை அவள் முழுதாக வாய்க்குள் தள்ளிவிட்டாள். கன்னம் இரண்டும் புடைத்து, வாயைத் திறக்க ஏலாமல், என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"ஓம்," என்றேன். "சரியாச் சமன்."